சோற்றுக்கு வழிவிட்ட குழாய்

ஏவுகணையின் முனைக்கென உருவாக்கிய உலோகம் அது. அமெரிக்கக் கடற்படையின் மேரிலாந்து ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் நிக்கலையும் டைட்டானியத்தையும் கலந்து சோதித்துக்கொண்டிருந்தார். 1961இல் ஒரு கூட்டத்தில், மடித்து நெளித்த பட்டை ஒன்றுக்கு யாரோ லைட்டர் சுடரைக் காட்ட, அது தானாக நிமிர்ந்துகொண்டது. சூடு பட்டதும் பழைய உருவத்துக்குத் திரும்பும் அந்தக் கலவைக்கு நிட்டினால் என்று பெயரிட்டார்கள்.

உணவுக்குழாய்ப் புற்றுநோயாளியிடம் அது வந்துசேர ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆயின. அதற்கு முன்பும் அடைப்பில் வழிவிடும் குழாய்கள் இருந்தன. 1885இல் லண்டனில் மருத்துவர் சார்ட்டர்ஸ் சைமண்ட்ஸ் குழாய் இறக்கி, நழுவாமல் பட்டுநூலால் கட்டிவைத்தார். 1959இல் மருத்துவர் செலஸ்டின் பிளாஸ்டிக் குழாய் கொண்டுவந்தார். அதை வயிற்றைத் திறந்து இழுத்துப் பொருத்த வேண்டியிருந்தது. நிட்டினால் வலைக்குழாய்க்குக் கத்தி வேண்டாம். மடக்கிய குடைபோல ஒடுங்கி எண்டோஸ்கோப்பி வழியில் இறங்கும். கட்டி அடைத்த இடத்தில் விரிந்து 2 சென்டிமீட்டர் அளவுக்கு வழி திறக்கும். விரியும் உலோகக் குழாயையும் பிளாஸ்டிக் குழாயையும் ஒப்பிட்ட 1993ஆம் ஆண்டு ஆய்வில் உலோகத்துக்கே சிக்கல்கள் குறைவு. ஆனால் ஆயுள் கூடவில்லை.

இந்தக் குழாய் இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரிய மருத்துவமனைகளிலும் உண்டு. மலேசியாவில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் மக்கள்தொகை விகிதப்படி இந்தியர்களிடமே அதிகம். புகை, மது, பாக்கும் புகையிலையும் சேர்ந்த வெற்றிலை மூன்றும் இதற்கு வழிவகுக்கும்.

கஞ்சிகூட இறங்காதவர் குழாய் வைத்த ஓரிரு நாளில் குழைந்த சோறு சாப்பிடுவார். ஆனாலும் பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாடு பழையபடி கிடைக்காது. ரொட்டி சானாயும் இறைச்சித் துண்டும் குழாயில் சிக்கும். தோசையைச் சாம்பாரில் நன்றாக ஊறவைத்து, மென்று, இடையிடையே தண்ணீர் குடிக்க வேண்டும். நெஞ்சு வலிக்கலாம். குழாய் இரைப்பை வாயைத் தாண்டினால் அமிலம் மேலேறும். தலைமாட்டை உயர்த்தித்தான் படுக்க வேண்டும். குழாய் நகரலாம், கட்டி மறுபடி வளர்ந்து மூடலாம்.

இந்தக் குழாய் நோயைத் தீர்க்காது. அறுவை சிகிச்சைக்குக் காலம் கடந்தவருக்குச் சாப்பாட்டை மீட்டுத் தரும், அவ்வளவே. ஆகவே, சோறு நெஞ்சில் நிற்கிறது என்றால் தண்ணீர் விட்டு விழுங்கிச் சமாளிக்காதீர்கள். அரசு கிளினிக்கில் மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். உடனே போய், எண்டோஸ்கோப்பி வேண்டுமா என்று கேளுங்கள்.