சப்பிரகமுவத் தோட்டங்களின் மண்வளம்

இலங்கையின் மத்திய மலைநாட்டிலிருந்து மேற்கும் தெற்கும் நோக்கிப் படிப்படியாக இறங்கும் குன்றுகளையும், களனி கங்கை, களு கங்கை ஆகியவற்றின் மேற்பள்ளத்தாக்குகளையும் தன்னகத்தே கொண்ட சப்பிரகமுவ மாகாணம், இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களால் ஆனது. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட முதலிய இடங்களில் இறப்பரும், இறக்குவானை, காவத்தை, பலாங்கொடைப் பக்கங்களில் தேயிலையுமாகப் பரந்து கிடக்கும் இம்மாகாணத்துத் தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் முதலாளிகளின் வரலாறாகவும், விலைகளின் வரலாறாகவும், அரிதாகவே தொழிலாளரின் வரலாறாகவும் எழுதப்பட்டிருக்கின்றது. ஆயினும் இவையெல்லாம் எதன்மேல் நிகழ்ந்தனவோ அந்த மண்ணுக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

இரத்தினபுரியைச் சூழ்ந்த பகுதியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. கிழக்கே பலாங்கொடையைக் கடந்து எம்பிலிப்பிட்டியை நோக்கிச் செல்லச் செல்ல அது குறைந்து உலர்வலயமாக மாறிவிடுகின்றது. மழை மிகுந்த மேற்குப் பகுதியில் பழம்பாறைகள் நெடுங்காலம் சிதைந்து உருவான மண்ணை, மண்ணியலாளர் மூர்மனும் பானபொக்கையும் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கை மண் வகைப்பாட்டிலே செம்மஞ்சள் பொட்சொலிக் மண் என்ற பெரும்பிரிவில் அடக்கினர். கல்சியம், மகனீசியம், பொற்றாசியம் என்னும் உப்பு மூலங்களை மழைநீர் காலங்காலமாகக் கழுவிச் சென்றுவிட, அவை இருந்த இடத்தை ஐதரசனும் அலுமினியமும் பிடித்துக்கொண்டமையால் இம்மண் அமிலத்தன்மை உடையதாயிற்று. இதன் களி பெரும்பாலும் கயோலினைற்று வகையைச் சேர்ந்தது. போஷணைப் பொருள்களைப் பற்றி வைத்திருக்கும் சக்தி அதற்கு மிகக் குறைவு. ஆகவே இங்கே பயிருக்கு ஆதாரமாயிருப்பது களியன்று, மேலே சில அங்குல ஆழத்துக்கு மட்டும் படிந்திருக்கும் இலைமக்கே. அந்த மக்கு போனபின் எஞ்சுவது சரளையும் செம்பூரான் கல்லும் கலந்த கீழ்மண். அதிலே எவ்வளவு உரத்தைக் கொட்டினாலும் அடுத்த பெருமழை அதில் பெரும்பகுதியை ஆற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

இவ்வுண்மை அறியப்படாத காலத்திலேயே காடுகள் வெட்டப்பட்டன. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் பின் கோப்பித் தோட்டக்காரர் காட்டை வெட்டி எரித்தபொழுது, சாம்பலிலிருந்த பொற்றாசும் சுண்ணாம்பும் மண்ணின் அமிலத்தைத் தற்காலிகமாகத் தணித்து, முதற்சில ஆண்டுகளில் அமோகமான விளைவைத் தந்தன. அந்த விளைவைப் பூமியின் நிரந்தர சம்பத்தென்று அவர்கள் கருதியதே பெருந்தவறாயிற்று. செங்குத்தான சரிவுகளில் ஒரு புல்லும் முளைக்காதபடி சுத்தமாகக் களையெடுத்தனர். மூன்று நான்கு பருவமழைகளுக்குள் மேல்மண் கரைந்து ஓடத் தொடங்கியது. 1869இல் கோப்பி இலைநோய் தோன்றி அத்தொழிலை வீழ்த்தியதென்பது பலரும் அறிந்தது. அந்நோய்க்கு முன்னரே மண் நலியத் தொடங்கியிருந்ததென்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தோட்டக்காரர்களுக்காக ஜோன் ஹியூஸ் என்னும் இரசாயன நிபுணர் இலங்கைக் கோப்பி மண்ணையும் எருவையும் பற்றிய அறிக்கையை 1879இல் வெளியிட்டபொழுது, கோப்பியின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டிருந்தது.

கோப்பியின் இடத்தைத் தேயிலையும், 1876இல் ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த நாற்றுக்களிலிருந்து பரவிய இறப்பரும் பிடித்துக்கொண்டன. பயிர் மாறிற்று, பழக்கம் மாறவில்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்து லயங்களில் குடியேறிய தமிழ்த் தொழிலாளர், தோட்டத் துரையின் கட்டளைப்படி, சுரண்டி என்னும் கருவியால் மண்ணின் மேல்தோலையும் சேர்த்தே களையைச் சீவி எடுத்தனர். இறப்பர் மரங்களின் அடியிலுங்கூட நிலம் வெறுமையாகத் துலங்குவதே நல்ல நிர்வாகத்தின் இலட்சணமாகக் கருதப்பட்டது. இதன் விளைவு தோட்டத்தோடு நிற்கவில்லை. சரிவிலிருந்து இறங்கிய வண்டல் பள்ளத்தாக்கின் வயல்களை மூடி, ஆற்றுப் படுகைகளை உயர்த்திற்று. அரசாங்கம் நியமித்த மண்ணரிப்புக் குழு 1931இல் அறிக்கை சமர்ப்பித்தது. 1947ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பின்னர், 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. குழுவின் அறிக்கைக்கும் சட்டத்துக்கும் இடையே இருபது ஆண்டுகள் கழிந்தன. அந்த இருபது ஆண்டுகளின் மழையில் போன மண் எந்தச் சட்டத்தாலும் திரும்பி வரவில்லை.

எனினும் அவ்விடைக்காலத்தை வீணான காலம் என்று சொல்லிவிட முடியாது. சரிவுக்குக் குறுக்காகச் சமவுயரக் கோட்டில் நீர் வடியக் கான் வெட்டுவதும், கல்லடுக்கி வரம்பு கட்டுவதும் தோட்டங்களில் வழக்கமாயின. இறப்பர் நிலங்களில் பியூரேரியா, கலப்பகோனியம், சென்றொசீமா போன்ற அவரையினக் கொடிகள் மூடுபயிராகப் பரப்பப்பட்டன. மழைத்துளியின் அடியைத் தாம் ஏற்று மண்ணைக் காப்பதும், வேர்முடிச்சுகளில் வாழும் பக்டீரியாவின் துணையால் காற்றிலுள்ள நைதரசனை மண்ணிற் சேர்ப்பதுமாக இவை ஒருங்கே இரண்டு உபகாரங்களைச் செய்தன. சுத்தமான நிலமே நல்ல நிலம் என்ற பழைய நம்பிக்கையை உடைத்தமையே இக்கொடிகள் புரிந்த மிகப்பெரிய தொண்டென்று கூறலாம்.

ஏறக்குறைய இதே காலத்திற்றான் மண்ணிரசாயனம் ஒரு சாஸ்திரமாக இந்நாட்டிலே வேரூன்றியது. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஸ்தாபிக்கப்பட்டது. இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் நிலையத்திலே புள்ளியியலாளர் ஃபிஷருடன் சேர்ந்து பரிசோதனை முறைகளை வகுத்த தோமஸ் ஈடன் அதன் இரசாயன விஞ்ஞானியாக வந்து, உரப் பரிசோதனைகளைத் தற்செயல் வேறுபாடுகள் முடிவை மயக்காதபடி அமைத்து, தேயிலையின் விளைவை எல்லாவற்றுக்கும் மேலாக நிர்ணயிப்பது நைதரசனே என்பதை நிறுவினார். விவசாயத் திணைக்களத்தில் ஜோக்கிமும் கந்தையாவும் இலங்கை மண்களைப் பற்றித் தொடர்ந்து ஆராய்ந்து, சேனைப் பயிர்ச்செய்கையாலும் அதன்பின் காடு மீள வளர்வதாலும் மண்ணின் சேர்க்கையும் கட்டமைப்பும் எவ்வாறு மாறுகின்றன என்பதை 1948இல் வெளியிட்டனர். இன்று தாழ்நிலத் தேயிலைக்கெனத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பிராந்திய நிலையமொன்று இரத்தினபுரியிலே சென் ஜோக்கிம் தோட்டத்தில் இயங்கி வருகின்றது.

இனி, இம்மண்ணின் இரசாயனம் பயிரை ஆளும் விதத்தைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். பெரும்பாலான பயிர்கள் அமில மண்ணை வெறுக்க, தேயிலையோ அதனை விரும்பி, அமிலத்தன்மையின் அளவான பி.எச். 4.5 முதல் 5.5 வரையுள்ள நிலத்திலேயே செழிக்கின்றது. வேறு பயிர்களின் வேரைக் கருக்கிவிடும் அலுமினியத்தை அது உறிஞ்சி முதிர்ந்த இலைகளிலே சேமித்து வைக்கின்றது. ஆயினும் இந்த விருப்பத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஆயிரம் கிலோ தேயிலைத் தூளில் ஏறக்குறைய 40 கிலோ நைதரசன் அடங்கியிருக்கின்றது. கொழுந்தாகக் கிள்ளிச் சென்ற அதனை ஈடுசெய்யும் பொருட்டு அமோனியம் சல்பேற்றும், பின்னாளில் யூரியாவும் இடப்பட்டன. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றுந்தோறும் அமிலம் வெளிப்படுகின்றது. அந்த நைத்திரேற்று மழையோடு கீழிறங்கும்போது எஞ்சியிருந்த மகனீசியத்தையும் கல்சியத்தையும் உடன்கொண்டு போகின்றது. அமோனியம் சல்பேற்றால் விளையும் அமிலம் யூரியாவினால் விளைவதிலும் அதிகம். இவ்வாறு விளைவைப் பெருக்கும் உரமே பல்லாண்டுகளில் பி.எச்.ஐ நாலரைக்குக் கீழே தள்ளி, இட்ட உரத்தைப் பயிர் ஏற்கமுடியாத நிலைக்குக் கொண்டுவந்துவிடும். இதற்குப் பரிகாரமாகவே, கல்சியமும் மகனீசியமும் ஒருங்கே கொண்ட டொலமைற்றுத் தூளை, செடிகளை வெட்டிக் குறுக்கும் கவ்வாத்துக் காலத்தில் இடும் முறை ஏற்பட்டது.

பொசுபரசின் கதை வேறு. இம்மண்ணின் செந்நிறத்துக்குக் காரணமான இரும்பும், அதனுடன் அலுமினியமும், கரையக்கூடிய பொசுபேற்றை இறுகப் பிணைத்து வேருக்கு எட்டாதபடி செய்துவிடுகின்றன. ஆனால் இலகுவிற் கரையாத பாறைப் பொசுபேற்றை இட்டால், மண்ணின் அமிலமே அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்துப் பயிருக்கு ஊட்டுகின்றது. 1971இல் அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையிலே கண்டுபிடிக்கப்பட்ட பொசுபேற்றுப் படிவம், தேயிலை, இறப்பர் போன்ற நெடுங்காலப் பயிர்களுக்கு உகந்ததாக அமைந்தமை இதனாலேயாகும்.

முதிய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யும் பணி இம்மண்ணறிவின் உரைகல்லாயிற்று. இறப்பருக்கு 1953இலும் தேயிலைக்கு 1959இலும் மானியத் திட்டங்கள் தொடங்கின. நூறாண்டு உழைத்துக் களைத்த நிலத்திலே உடனே கன்று நடாது, குவாத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ பதினெட்டு முதல் இருபத்து நான்கு மாதங்கள் வளர்த்து, வெட்டி வெட்டி நிலத்திலேயே பரப்பி, இழந்த மக்கை மீட்டபின்னரே நடவேண்டுமென ஆராய்ச்சி நிலையம் விதித்தது. அந்த இரண்டு ஆண்டும் வருமானமில்லா ஆண்டுகள் என்பதால், இவ்விதி இறுக்கமாகப் பின்பற்றப்பட்ட மலைகளும் உண்டு, கைவிடப்பட்ட மலைகளும் உண்டு. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் சென்றபொழுது, நிர்வாகத்தின் குறுகிய கணக்கும் மண்ணின் நீண்ட கணக்கும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதனவாகவே இருந்தன.

2021 மே மாதத்தில், சேதன எருவுக்கு மாறவேண்டுமென்று, இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. மக்கே இம்மண்ணில் பயிருக்கு ஆதாரம் என்பதை இக்கட்டுரை முன்னமே கூறிற்று. ஆனால் நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசன் கொண்ட கூட்டெருவால், மேலே சொன்ன 40 கிலோவை ஈடுசெய்ய வேண்டுமாயின், சேதாரம் எதுவுமில்லையென்று கொண்டாலும் நான்காயிரம் கிலோ எருவைச் சரிவிலே சுமந்தேற்ற வேண்டும். அவ்வளவு எருவும் நாட்டில் இருக்கவில்லை; அதைச் சுமக்கும் ஆட்களும் இருக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதிலும், விலையேற்றத்தால் உரம் எட்டாப் பொருளாயிற்று. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாயிருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறக்குறைய 25 கோடியாக வீழ்ந்தது. எருவையும் உரத்தையும் பகைவர்களாக நிறுத்தியதே அந்தத் தீர்மானத்தின் குறை. மக்கில்லாத மண்ணில் உரம் நில்லாது. உரமில்லாத மண்ணில், வெட்டிப் பரப்புவதற்கேற்ற தழையும் வளராது.

கான் துப்புரவு செய்தல், முள்ளுக்குத்தி இறுகிய மண்ணை நெகிழ்த்துதல், கவ்வாத்துக் கழிவை விறகாகக் கொண்டுபோகாது மலையிலேயே விடுதல், சுரண்டியைத் தவிர்த்துக் கையால் களையெடுத்தல் ஆகிய வேலைகளே இன்றும் இம்மாகாணத்து மண்ணைத் தாங்கி நிற்கின்றன. இவை கொழுந்தைப்போல் நிறுத்துப் பார்க்கக்கூடியவை அல்ல. ஆகையால் செலவைக் குறைக்க எண்ணும் நிர்வாகம் முதலிற் கைவைப்பதும் இவற்றிலேதான். தோட்டமோ சிறு காணியோ வைத்திருப்போர் உரமூட்டைக்குப் பணம் கொடுக்குமுன் மண்ணைப் பரிசோதித்து அதன் பி.எச்.ஐ அறிந்துகொள்ளவும், கானுக்கும் களைக்கும் நிற்கும் தொழிலாளிக்குக் கொழுந்து பறிப்பவருக்கு நிகரான கூலியை மனமுவந்து கொடுக்கவும் வேண்டும்.