காமிரா ஏந்திய கார்டன் பார்க்ஸ்

உழைக்கும் மக்களின் முகங்கள் வரலாற்று நூல்களில் அரிதாகவே இடம்பெறுகின்றன. அக்குறையைத் தம் காமிராவால் போக்க முனைந்தவர் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் கார்டன் பார்க்ஸ்.

அவர் 1912ஆம் ஆண்டு கான்சாஸ் மாநிலத்தின் போர்ட் ஸ்காட் என்னும் ஊரில், ஏழைக் குடும்பமொன்றின் பதினைந்து மக்களுள் கடைக்குட்டியாகப் பிறந்தார். தொடக்கப் பள்ளியிலேயே கறுப்பினக் குழந்தைகள் தனியே பிரித்து வைக்கப்பட்டிருந்தனர். பதின்ம வயதிலேயே அன்னையை இழந்தார். தமக்கையின் ஊருக்கு அனுப்பப்பட்ட அவரை, தமக்கையின் கணவர் வீட்டைவிட்டு வெளியேற்றினார். கடுங்குளிர் இரவுகளை டிராம் வண்டிகளில் கழித்தார்; உயர்நிலைக் கல்வியும் தடைப்பட்டது.

1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருவீழ்ச்சி அமெரிக்காவெங்கும் வறுமையைப் பரப்பியிருந்த காலம் அது. இரயில் உணவுப் பெட்டியில் பரிமாறுபவராகப் பணியாற்றியபோது, பயணி ஒருவர் விட்டுச்சென்ற பத்திரிகையில் ஊர் ஊராய்ப் பிழைப்புத் தேடி அலைந்த உழவர்களின் படங்களைக் கண்டார். வறுமையை எதிர்க்கப் படமும் உதவும் என உணர்ந்து, அடகுக் கடையில் பழைய காமிரா ஒன்றை வாங்கினார். எவரிடமும் முறையாகப் பயிலாமல், தாமே அக்கலையைக் கற்றார்.

1942இல் ரோசன்வால்டு அறநிதியின் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. அதைக்கொண்டு வாஷிங்டன் நகரில், பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் புகைப்படப் பிரிவில் சேர்ந்தார். பிரிவின் தலைவர் ராய் ஸ்டிரைக்கர், காமிராவை வைத்துவிட்டு நகரைச் சுற்றி வரும்படி அவரை அனுப்பினார். கடையிலும் உணவு விடுதியிலும் திரையரங்கிலும் நிறத்தைக் காட்டி அவரை மறுத்தனர். சினத்தோடு திரும்பியவரிடம், அதே கட்டடத்தில் துப்புரவுப் பணி புரியும் பெண்மணியிடம் பேசிப் பார்க்குமாறு ஸ்டிரைக்கர் கூறினார்.

அப்பெண்மணி எல்லா வாட்சன். ஆண்டுக்கு 1,080 டாலர் ஊதியத்தில் பேரக்குழந்தைகளையும் வளர்த்து வந்தார். சுவரில் தொங்கிய தேசியக் கொடியின் முன் அவரை நிறுத்தி, ஒருபுறம் விளக்குமாறும் மறுபுறம் தரை துடைக்கும் மாப்புமாகப் பார்க்ஸ் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. கொடி அளித்த வாக்குறுதியும் குடிமகளின் வாழ்வும் அதில் எதிரெதிரே நின்றன.

ஆயினும் பார்க்ஸ் அத்துடன் அமைதியுறவில்லை. பல வாரங்கள் அவருடன் பழகி, இல்லத்தையும் குழந்தைகளையும் தேவாலய வழிபாட்டையும் படமாக்கினார். ஒரு படத்தில் துயரத்தின் சின்னமாக நின்றவர், இப்படங்களில் பாட்டியாகவும் பக்தையாகவும் அண்டை வீட்டாராகவும் முழுமை பெற்றார். இப்படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

1948இல் 'லைப்' இதழின் நிரந்தரப் புகைப்படக் கலைஞரானார். அப்பதவி பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. 1956இல் அலபாமாவின் நிறப் பிரிவினையைப் படமாக்கினார். 1969இல் தம் இளமை வாழ்வைத் தழுவிய நாவலைத் தாமே திரைப்படமாக இயக்கினார். 2006இல் மறைந்து, பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இளைஞர்களே! தக்க தருணத்தில் கிடைத்த ஓர் உதவித்தொகை என்ன செய்யும் என்பதற்கு இவ்வாழ்வு சான்று. கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளி விழாவில் நாம் நினைக்கத்தக்க செய்தி இது. அநீதி கண்டு எழும் சினம் இயல்பானது. அது பொறுமையோடு கேட்கவும் பதிவுசெய்யவும் பழகும்போதுதான் அழியாத சான்றாகிறது. நம் தெருவிலும் ஆயுள் முழுதும் விளக்குமாறு ஏந்திய கைகள் உண்டு. அம்முதியோரின் பெயரையும் பணியையும் பெற்ற கூலியையும் அவர்கள் வாய்மொழியிலேயே கேட்டு எழுதுங்கள், படமெடுத்து வையுங்கள். நாளைய வரலாற்றாசிரியனுக்கு நாம் விட்டுச்செல்லும் செல்வம் அதுவே.