காலடியில் கிடந்த செடி

போன மாசம் ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தது. வலது கால் கட்டைவிரலில் யாரோ சூட்டுக்கோலை வைத்து அழுத்துகிற மாதிரி வலி. போர்வை நுனி பட்டால்கூட உயிர் போனது. காலையில் டாக்டர் பார்த்ததுமே சொல்லிவிட்டார், கவுட். ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடிப்போய் மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிகிறதாம். "அந்தக் காலத்துல ராஜாக்களுக்கு வந்த வியாதி சார்" என்று ஆறுதல் வேறு. ராஜ்யத்தைக் காணோம், வியாதி மட்டும் வந்திருக்கிறது!

விஷயம் கேள்விப்பட்டு அத்தை போன் பண்ணினாள். "மாத்திரை கிடக்கட்டும்டா, மாசிபத்திரி இலையை வதக்கிக் கட்டு. ரெண்டு நாள்ல நடப்பே."

மாசிபத்திரி யாருன்னு கேட்கிறீங்களா? பிள்ளையார் சதுர்த்திக்கு 21 பத்திரம் வைத்துப் பூஜை பண்ணுவோமே, அதில் ஒன்று. மேலே பச்சை, அடியில் வெள்ளை வெளேர்னு பூனைமுடி மாதிரி பஞ்சு. கசக்கினால் மரிக்கொழுந்து ஞாபகம் வரும். வராமல் என்ன செய்யும்? ரெண்டும் ஆர்ட்டிமீசியா என்கிற ஒரே இனம்தான், பங்காளிகள். நம்ம மலைகளில் வளர்கிற செடிக்கு நீலகிரி பெயரையே தாவரவியலில் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் வேலி ஓரங்களில் தானாக வளர்கிற அதன் அண்ணனுக்கு ஆங்கிலத்தில் மக்வோர்ட் என்று பெயர்.

பத்து நாள் காலை நீட்டிப் படுத்திருந்தவனுக்கு வேறென்ன வேலை? இந்தச் செடியின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறைத்தது. போன இடமெல்லாம் இந்தச் செடி மனுஷன் காலைத்தான் பிடித்திருக்கிறது.

முதல் நூற்றாண்டு ரோமானியர் பிளினி, இதை உடம்போடு கட்டிக்கொண்டு நடக்கிற வழிப்போக்கனுக்கு அலுப்பே தெரியாதாம் என்று எழுதி வைத்திருக்கிறார். ஜெர்மன்காரர்கள் வாயில் இதன் பழைய பெயர் புரண்டு புரண்டு 'பைஃபூஸ்' ஆனது. அதைப் பிரித்தால் 'காலோடு' என்று அர்த்தம் வரும். செருப்புக்குள் இலையை வைத்து நடந்தால் கால் வலிக்காது என்ற நம்பிக்கை அங்கே ரொம்ப நாள் இருந்தது. ஜூன் 24, புனித யோவான் திருநாளை ஒட்டி இதை இடுப்பில் சுற்றிக்கொண்டு நெருப்பைச் சுற்றி ஆடிவிட்டு, கடைசியில் அதே நெருப்பில் வீசிவிடுவார்கள். வருஷத்துக்கான பீடை தொலைந்ததாம். நம்ம போகி ஞாபகம் வருதில்ல? இங்கிலாந்தில் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கையெழுத்துப் பிரதி ஒன்றில் ஒன்பது மூலிகைகளை அழைக்கிற மந்திரம் இருக்கிறது. அதில் முதல் அழைப்பே இதற்குத்தான்.

இந்தப் பக்கம் சீனாவில் ஐந்தாம் மாசம் ஐந்தாம் தேதி, டிராகன் படகுத் திருவிழா அன்று, வாசலில் கொத்தாகக் கட்டுவார்கள். நோயும் பூச்சியும் அண்டாதாம். நாம வேப்பிலை செருகுகிற மாதிரிதான்.

ஜப்பானில் இன்னும் ஒரு படி மேலே. காய்ந்த இலையை இடித்துச் சலித்துச் சலித்து அடிப்பக்கப் பஞ்சை மட்டும் எடுப்பார்கள். அதைச் சின்னச் சின்னக் கூம்பாக உருட்டித் தோல்மேல் வைத்துக் கொளுத்துவார்கள். அந்தப் பஞ்சுக்கு 'மோகுசா' என்று பெயர். 1689-ல் ஹைக்கூ கவிஞர் பாஷோ தன் நெடும் பயணத்துக்குக் கிளம்புமுன் என்ன செய்தார் தெரியுமா? காலில் முழங்காலுக்குக் கீழே இந்தச் சூடு போட்டுக்கொண்டார். பிளினி ஒரு கோடியில், பாஷோ ஒரு கோடியில். ரெண்டு பேர் சொல்வதும் கால்!

இனிமேதான் கூத்தே. 1670-களில் பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், ஹெர்மான் புஸ்கோஃப் என்று ஒரு டச்சுப் பாதிரியார் இருந்தார். அவருக்கும் என்னை மாதிரியே கவுட். ஊர் மருந்தெல்லாம் தோற்றுப்போய், ஓர் ஆசியப் பெண் வைத்தியரிடம் காலைக் கொடுத்தார். அந்த அம்மா பஞ்சு வைத்துச் சுட்டார், வலி போய்விட்டது. மனுஷன் ஆனந்தத்தில் ஒரு புத்தகமே எழுதினார். 1676-ல் லண்டனில் அது ஆங்கிலத்திலும் வந்தது. மோகுசா ஐரோப்பிய வாயில் 'மோக்சா' ஆனது. ஹாலந்தின் உட்ரெக்ட் நகரில் அவருடைய மகன் அந்தப் பஞ்சை விற்றார்.

அடுத்த வருஷம் நைமெகன் நகரில் சமாதானப் பேச்சுக்குப் போயிருந்த ஆங்கிலேயத் தூதர் வில்லியம் டெம்பிளுக்குக் கால் வீங்கியது. மோக்சாவை வரவழைத்துச் சுட்டுக்கொண்டார். வலி விட்டது. அவரும் கட்டுரை எழுதினார். அதில் மோக்சா என்பது கிழக்கிந்தியத் தீவுகளில் வளர்கிற ஒருவகைப் பாசி என்று குறித்திருக்கிறார்.

பாசியாம்! அவர் ஊர் வேலியில் அதே இனத்துச் செடி ஆளுயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. ஐரோப்பாவில் கால் வலிக்காமல் இருக்கச் செருப்புக்குள் வைத்துக்கொண்ட அதே இனம். கப்பலேறி, பெயர் மாறி, விலை ஏறி வந்ததும் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. நாகசாகியில் 1690 முதல் 1692 வரை இருந்த ஜெர்மன் மருத்துவர் கெம்ஃபர், 1712-ல் வெளியான தன் நூலில் இது ஆர்ட்டிமீசியா இலையின் பஞ்சுதான் என்று விளக்கி எழுதினார்.

இதோடு முடித்தால் "பார்த்தீங்களா, பாட்டி வைத்தியம்தான் பெரிசு" என்று கைதட்டிவிட்டுப் போகலாம். ஆனால் டாக்டர் சொன்ன இன்னொரு விஷயம் இடிக்கிறது. கவுட் வலி வைத்தியமே பார்க்காவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக இறங்கிவிடும். அப்புறம் திரும்பி வரும். புஸ்கோஃபும் டெம்பிளும் நேர்மையாகத்தான் எழுதினார்கள். ஆனால் சூடு போட்டதால் போனதா, போகிற நேரத்தில் சூடு போட்டார்களா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? டெம்பிளை வயசான காலத்திலும் கவுட் விடவில்லை.

அதுக்காகப் பழசெல்லாம் குப்பை என்றும் சொல்ல முடியாது. இதே இனத்தில் ஆர்ட்டிமீசியா அன்னுவா என்று ஒரு செடி. நாலாம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் கே ஹோங் அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றைக் காய்ச்சலுக்குக் கொடுக்கச் சொன்னார். கொதிக்க வைத்தால் குணம் கெடுமோ என்று அதைப் படித்த தூ யூயூ யோசித்தார். சூடு அதிகம் காட்டாமல் பிரித்துப் பார்த்தார். அந்த வழியில் கிடைத்ததுதான் மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின். 2015-ல் நோபல். அவர் பழசை வணங்கவும் இல்லை, வீசவும் இல்லை. சோதித்துப் பார்த்தார்.

ஒரு எச்சரிக்கை. பங்காளி வேறு, இவன் வேறு. மாசிபத்திரிக் கஷாயம் மலேரியாவைக் குணமாக்காது. நின்ற மாதவிலக்கை வரவழைக்கக் கொடுத்த மூலிகை இது என்பதால் கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போகக் கூடாது.

சரி, நான் என்ன செய்தேன்? மாத்திரையும் போட்டேன், அத்தைக்காக இலையும் கட்டினேன். பத்தாம் நாள் எழுந்து நடந்தேன். இலைதான் என்கிறாள் அத்தை, மாத்திரைதான் என்கிறார் டாக்டர். பத்து நாள் ஆச்சே என்கிறது சரித்திரம். ரத்தத்தில் யூரிக் ஆசிட் இன்னும் இறங்கவில்லை, அதனால் மாத்திரை தொடர்கிறது. டெம்பிள் பண்ணின தப்பை நான் பண்ணப் போவதில்லை.

ஆனா ஒண்ணு. வர்ற சதுர்த்திக்கு 21 பத்திரத்தையும் பிள்ளையாரோடு சேர்த்து அப்படியே கிணற்றில் போட மாட்டேன். ஒரே ஒரு கொத்தை எடுத்து முகர்ந்து பார்த்து, என் பொண்ணுக்கு இன்னார் என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் போடுவேன்.