இணையத்தின் பேரேடு யார் கையில்?

பி.காம். சேர்ந்த எவனுக்கும் முதலில் மண்டையில் ஏற்றப்படும் விஷயங்களில் ஒன்று பேரேடு. எந்தக் கணக்கு எந்தப் பக்கத்தில் என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும். இணையத்துக்கும் அப்படி ஒரு பேரேடு உண்டு. டிஎன்எஸ் என்பார்கள். நாம் பிரவுசரில் தட்டுவது பெயர், கம்ப்யூட்டருக்கு வேண்டியது எண். இந்தப் பெயருக்கு இந்த எண் என்று பார்த்துச் சொல்வதுதான் அதன் வேலை. கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள் இதை ஒரு புரோட்டோகாலாகப் படிப்பார்கள். எனக்கு சுவாரசியமாகப் பட்டது வேறு... அந்தப் பேரேட்டை எழுதுவது யார்? அதில் கள்ளக்கணக்கு ஏறாமல் தடுப்பது யார்?

ஆரம்பத்தில் பதில் ரொம்ப சுலபம். அர்ப்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் குழு அதைப் பராமரித்தது. புதிதாகக் கணினி வாங்கினால் அலுவலக நேரத்தில் அவர்களுக்கு போன் செய்து பெயரைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கோப்பை அவ்வப்போது நகல் எடுத்துக்கொள்வார்கள். நம்ம ஊர் மளிகைக்கடை நோட்டு மாதிரிதான்.

கணினிகள் பெருகியதும் நோட்டு தாங்கவில்லை. 1983-ல் பால் மொகாபெட்ரிஸ் புது ஏற்பாட்டை வடிவமைத்தார். அந்த வேலையை அவரிடம் ஒப்படைத்தவர் ஜான் போஸ்டெல் (இவர் பெயரை மறக்காதீர்கள், மறுபடி வருவார்). யோசனை இதுதான்: ஒரே நோட்டுக்குப் பதில் கிளைக் கிளையாகப் பல நோட்டுகள். உச்சியில் இருக்கும் ரூட் சர்வருக்கு எல்லாப் பெயரும் தெரியாது. .காம் நோட்டு யாரிடம், .இன் நோட்டு யாரிடம் என்பது மட்டும்தான் தெரியும். அவர்களிடம் போனால் அடுத்த ஆளைக் கை காட்டுவார்கள். இன்று அந்த உச்சிப் பட்டியலில் .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழிலேயே மூன்று பதிவுகள் இருக்கின்றன என்பது கொசுறுத் தகவல்.

இனி காசு விஷயம். 1993 முதல் .காம் பதிவு வேலை அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் கம்பெனியிடம் இருந்தது. பெயர் பதிவு இலவசம். 1995 செப்டம்பரில் இரண்டு வருடத்துக்கு 100 டாலர் என்று கட்டணம் வந்தது. போட்டிக்கு ஆளே இல்லாத வியாபாரம். 2000-ல் வெரிசைன் இந்தக் கம்பெனியை வாங்குவதாக அறிவித்தபோது பேசப்பட்ட மதிப்பு சுமார் 2,100 கோடி டாலர்! மோனோபோலிக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

எல்லோரும் கோபப்பட்டார்கள். அந்த நேரத்தில்தான் 1998 ஜனவரி 28 அன்று போஸ்டெல் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். உலகில் அப்போது ரூட் சர்வர்கள் 13. அதில் எட்டை நடத்துபவர்களிடம், "இனி மூலப் பட்டியலை நெட்வொர்க் சொல்யூஷன்ஸிடம் எடுக்காதீர்கள், எங்களிடம் எடுங்கள்" என்ற அர்த்தத்தில் கேட்டுக்கொண்டார். எட்டுப் பேரும் மறுபேச்சில்லாமல் மாற்றிவிட்டார்கள். அரசு, ராணுவம், நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் கையில் இருந்தவை மட்டும் பழையபடி ஓடின. இரண்டு பட்டியலும் ஒன்றாகவே இருந்ததால் பயனாளர் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தாடி வைத்த ஒரு ஆராய்ச்சியாளர் ஒரே மெயிலில் இணையத்தின் பாதிக்கு மேற்பட்ட தலையைத் திருப்ப முடியும் என்று வாஷிங்டனுக்குப் புரிந்துவிட்டது. கிளின்டனின் ஆலோசகர் ஐரா மகஸினர் தலையிட்டார். போஸ்டெல் "சோதனைதான்" என்று சொல்லிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்.

எட்டுப் பேரும் ஏன் கேட்டார்கள்? சட்டமா, ஒப்பந்தமா? ஒன்றும் இல்லை. அந்த ஆள் மேல் இருந்த நம்பிக்கை, அவ்வளவுதான். அதே வருடம் செப்டம்பரில் ஐகான் என்ற லாப நோக்கற்ற அமைப்பு உருவானது. அக்டோபர் 16-ல் போஸ்டெல் இறந்துபோனார், வயது 55. அமெரிக்க அரசு தன் மேற்பார்வையை முழுசாக விட்டது 2016 அக்டோபரில்தான்.

பேரேடு யார் கையில் என்ற சண்டை இப்படிப் போக, அதில் பொய் எழுத முடியும் என்பது முன்பே தெரிந்திருந்தது. ஸ்டீவ் பெல்லோவின் 1990-லேயே ஓட்டையைக் கண்டுபிடித்தார். ஆபத்து என்று கட்டுரையை 1995 வரை வெளியிடவில்லை. 1997 ஜூலையில் யூஜின் காஷ்புரெஃப் என்பவர் நெட்வொர்க் சொல்யூஷன்ஸின் ஏகபோகத்தை எதிர்க்கிறேன் என்று, அவர்கள் தளத்துக்குப் போனவர்களைத் தன் தளத்துக்குத் திருப்பிவிட்டார். கைதாகி குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் கோபம் நியாயம், செய்த வேலை நியாயமில்லை என்பது என் கட்சி.

பெரிய அதிர்ச்சி 2008-ல். நம் சார்பில் விலாசம் விசாரிக்கும் சர்வர், கேள்வியோடு 65,536-ல் ஒரு எண்ணைப் போட்டு அனுப்பும். சரியான எண்ணோடு முதலில் வரும் பதிலை நம்பிவிடும். திருடன் ஊகித்துத் தோற்றால், உண்மைப் பதில் நினைவில் உட்கார்ந்துவிடும், பிறகு அது காலாவதியாகும்வரை அவன் காத்திருக்க வேண்டும். எனவே பயமில்லை என்று நினைத்திருந்தார்கள். டான் கமின்ஸ்கி கண்டுபிடித்தது: ஒரு தளத்தின் கீழ் இல்லாத பெயர்களாக வரிசையாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வொன்றும் புது வாய்ப்பு. காத்திருக்கவே வேண்டாம். ஒரு தடவை எண் பொருந்திவிட்டால், போலிப் பதிலிலேயே "இந்தத் தளம் முழுக்க இனி என்னைக் கேள்" என்று செருகிவிடலாம். வங்கித் தளம் என்று நினைத்து நாம் பாஸ்வேர்டு கொடுப்பது வேறு யாருக்கோ!

அவர் இதை விற்கவில்லை, நிபுணர்களிடம் ரகசியமாகச் சொன்னார். மார்ச் மாதம் மைக்ரோசாஃப்ட் வளாகத்தில் கூடிப் பேசி, ஜூலை 8 அன்று போட்டிக் கம்பெனிகள் எல்லாம் ஒரே நாளில் பேட்ச் வெளியிட்டன. தீர்வு, கேள்வி புறப்படும் போர்ட் எண்ணையும் கண்டபடி மாற்றுவது. திருடன் இப்போது இரண்டு எண்களை ஊகிக்க வேண்டும். டேனியல் பெர்ன்ஸ்டைன் தன் மென்பொருளில் இதைப் பல வருடம் முன்பே செய்திருந்தார், யாரும் காது கொடுக்கவில்லை என்பது தனி சோகம்.

ஆனால் அது ஒட்டுப்போட்ட வேலைதான். நிரந்தர வழி, ஒவ்வொரு பதிவுக்கும் டிஜிட்டல் கையெழுத்து வைக்கும் டிஎன்எஸ்செக். அதன் தலைமைக் கையெழுத்து 2010 ஜூலை 15-ல் ரூட்டில் ஏறியது. அந்தச் சாவி வர்ஜீனியாவில் ஒன்று, கலிஃபோர்னியாவில் ஒன்று என இரண்டு பாதுகாப்பு மையங்களில் இருக்கிறது. வழக்கமாக வருடத்துக்கு நான்கு முறை அதை எடுத்துக் கையெழுத்திட ஒரு சடங்கே நடக்கும். ஒவ்வொரு மையத்துக்கும் பல நாடுகளிலிருந்து ஏழு பொறுப்பாளர்கள். அதில் குறைந்தது மூன்று பேர் தங்கள் அட்டையோடு வந்தால்தான் இயந்திரம் இயங்கும். கேமராவில் எல்லாம் பதிவாகும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பேங்க் லாக்கருக்கு இரண்டு சாவி வைப்பதன் அண்ணன் இது.

2020 பிப்ரவரி 12-ல் கலிஃபோர்னியாவில் நடக்கவேண்டிய சடங்கு, பெட்டகத்தின் பூட்டு திறக்காமல் மக்கர் செய்ததால் நான்கு நாள் தள்ளிப்போனது.