மல்லாட்டை போன வழி



நம்ம கண்டாச்சிபுரம் பக்கம் 'நிலக்கடலை'ன்னு சொல்றவங்க குறைச்சல், நமக்கு மல்லாட்டைதான். மணிலாக்கொட்டை என்ற பேர் வாயில் புழங்கிப் புழங்கி அப்படி ஆனது. இது தென் அமெரிக்காவில் பிறந்த பயிர். கடல் தாண்டி வந்த இந்தக் கொட்டை, மறுபடி கடல் தாண்டிப் போன கதையை நாம தெரிஞ்சுக்கணும்.

நம்ம ஊர்கள் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த காலம் அது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் வந்தது. மாட்டு வண்டியில் போன மல்லாட்டை, ரயிலேறி, கப்பலேறி, பிரான்ஸ் நாட்டு மார்சேய் துறைமுகத்துக்குப் போனது. அங்கே எண்ணெய் ஆட்டினாங்க, சோப்பு செஞ்சாங்க. அப்போ வாங்குறவங்க கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "எத்தனை மூட்டை?"

சீக்கிரம் உடையட்டும்னு காயைத் தண்ணியில நனைச்சுக் கையால உடைப்பாங்க. அந்த ஈரத்தோட கப்பலேறின பருப்பு, போய்ச் சேர்றதுக்குள்ள சிக்கு வாடை அடிச்சது. அங்கிருந்து புகார் வந்த பிறகுதான், உலர்ந்த காயை உடைக்கும் இயந்திரங்கள் இங்கே பரவின.

அடுத்த கேள்வி விவசாயி கேட்டது: "எடை சரியா? விலை நியாயமா?" மண்டியில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்க. என்ன விலைன்னு காயைக் கொண்டுபோனவருக்கே தெரியாது. சாம்பிள், சாக்கு, தர்மம்னு கழிவு வேற. இதை ஒழுங்குபடுத்தத்தான் 1933இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நாம பார்க்கிற ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் அந்த வழியில் வந்தவைதான். 2016 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய இ-நாம் மின்னணுச் சந்தையில், வெளியூர் வியாபாரியும் விலை கேட்கலாம்.

மூன்றாவது கேள்வி 1960இல் பிறந்தது. இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்துப்போச்சு. தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடிச்சிருந்தது. அந்தப் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பேர் வைத்தார்கள். வறுத்தாலும் அது முழுசாப் போகாது, கல்லீரலைக் கெடுக்கும். அதுக்குப் பிறகு வாங்குறவங்க, "எங்கே விளைஞ்சது? எப்படிக் காய வெச்சீங்க?"ன்னு கேட்க ஆரம்பிச்சாங்க. நம்ம நாட்டிலும் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்னைக்குக் கடலை மிட்டாய் பாக்கெட்டானாலும் தயாரித்த தேதி, தொகுதி எண் போடணும்.

இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் யார் கையில் இருக்கு? யோசிச்சுப் பாருங்க. காயைப் பறிக்கிறது, களத்தில் கிளறி உலர்த்துறது, சொத்தையும் சுருங்கலும் பொறுக்கித் தள்ளுறது எல்லாம் பெண்கள் வேலை. இவ்வளவு காலமும் இது கூலியில் குறைஞ்ச வேலையாகவே கணக்கானது. ஆனா தரம்னு இன்னைக்கு உலகம் பேசுறது இந்த வேலையைத்தான்.

செய்த வேலைக்கு எழுத்து இருந்தால்தான் விலை கேட்க முடியும். சேமிப்புக்கும் கடனுக்கும் நோட்டு போட்டுப் பழகினவங்க நாம. அதே பழக்கத்தில் இன்னொரு நோட்டு போடுவோம்: யார் நிலத்துக் காய், எந்தத் தேதியில் பறிச்சது, எத்தனை நாள் காஞ்சது, எவ்வளவு கழிச்சோம். காயை ஆட்டினா உள்ளே பருப்பு கலகலன்னு சத்தம் கேட்கணும். அதுக்கு முன்னாடி சாக்கில் கட்டக் கூடாது. சாக்கைத் தரையில் வைக்காம பலகை மேல அடுக்கணும்.

எத்தனை மூட்டைன்னு கேட்டப்போ நம்மை யாரும் கேட்கலை. என்ன விலைன்னு பேசினப்போவும் நாம களத்திலேயே நின்னோம். எப்படிக் காய வெச்சீங்கன்னு கேட்கிற இந்தக் காலத்தில், பதில் சொல்ல வேண்டியது நாமதான். பதிலோடு சேர்த்து விலையையும் நாமே சொல்லுவோம்.