ராக் இசைக் குழுக்கள், தமிழ்நாட்டில்

மின்விசையால் ஒலி பெருக்கப்படும் கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ் ஆகியவற்றை ஆதாரமாகக் கொண்டு, நால்வரோ ஐவரோ ஒன்றுகூடித் தாமே பாட்டியற்றித் தாமே வாசித்துப் பாடும் மேனாட்டுச் சங்கீத வகை ராக் எனப்படும். 1960களில் பீட்டில்ஸும், 1970களில் லெட் செப்பலினும், 1990களின் தொடக்கத்தில் நிர்வாணாவும் உலகப் பிரசித்தி பெற்றிருந்த காலங்களில், அவ்வக் காலத்துச் சாயலைத் தாங்கிய குழுக்கள் தமிழ்நாட்டிலும் தோன்றின. இவற்றை ஒப்பிட விரும்புவோர் இசைத்தட்டு விற்பனையைக் கணக்கிட்டுப் பயன் காண இயலாது. ஒவ்வொரு தலைமுறையும் தனக்குக் கிட்டிய கருவியையும் மேடையையும் கொண்டு, இந்நாட்டு மொழியையும் லயத்தையும் அந்த அந்நிய வடிவத்துக்குள் எவ்வளவு தூரம் குடியேற்றியது என்பதே இங்குக் கொள்ளத்தக்க அளவுகோல்.

1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகளின் பெயர் தாங்கி, சென்னைக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில் அமைந்த மறைமலை நகரிலும், அங்கிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை பரந்து கிடக்கும் தொழில் மண்டலத்திலும், திருவிழா மேடை, கல்லூரி மேடை என இவ்விசையின் இரு கிளைகளை இன்று காணலாம். ஆயுதபூஜைக்கும் அம்மன் திருவிழாவுக்கும் பாட்டுக் கச்சேரி நடத்தும் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் மேடையேற்றும் டிரம்ஸ், பேஸ், கீபோர்டு யாவும் ராக் குழுக்களின் வழியே வந்த கருவிகள்; அடுத்துள்ள காட்டாங்குளத்தூரிலோ, எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் ‘மிலன்’ போன்ற கலைவிழாக்கள் மாணவர்களின் உற்சாகத்துக்கு இடமளிக்கின்றன.

முதல் தலைமுறை ஆங்கிலத்திலேயே பாடியது. இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பும், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் நடன விழாக்களும், நட்சத்திர விடுதிகளும் அதன் பாடசாலைகள். ஒரு சிகரெட் கம்பெனியின் ஆதரவில் நடந்த ‘சிம்லா பீட்’ என்னும் அகில இந்தியப் போட்டியின் பாடல்கள் 1970, 1971 ஆண்டுகளில் நெடுந்தட்டுகளாக வெளிவந்தன; சென்னையின் ‘தி கன்ஃப்யூஷன்ஸ்’ அவற்றில் இடம்பெற்றது. போட்டியின் இறுதிச் சுற்று, பம்பாயில் தென்னிந்திய ரசிகர்கள் கர்நாடக சங்கீதத்தைப் போற்றி வளர்த்த சண்முகானந்தா மண்டபத்திலேயே நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது. சென்னையில் 1948இல் பிறந்த ரமேஷ் ஷோத்தம், சகோதரர் சுரேஷுடன் ‘ஹியூமன் பாண்டேஜ்’ என்ற ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். பின்னர் பெங்களூரில் முறையாகத் தவில் பயின்று, ஐரோப்பாவில் குடியேறி, ஜாஸ் கலைஞர்களுடன் அதை வாசித்துப் பெயர் பெற்றார். ராக் மேடையை விட்ட பிறகே தவிலைச் சென்றடைந்த அவருடைய வாழ்க்கை, அந்தத் தலைமுறைக்கு இவ்விரண்டையும் ஒரே மேடையில் இணைக்கும் வழி புலப்பட்டிருக்கவில்லை என்பதற்குச் சான்றாகும்.

இதே காலத்தில், பாக் நீரிணைக்கு அப்பால் நிலைமை வேறாக இருந்தது. இலங்கைத் தமிழ் இளைஞர்கள் கிட்டாரை ஏந்தி, பைலா என்னும் இலங்கை ஆடலிசையின் தாளத்தில், வீட்டிலும் சந்தையிலும் பேசும் தமிழிலேயே பாடினர். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப் இசை கடல் கடந்து தமிழகத்திலும் பரவியது. அதை ராக் என்று வகைப்படுத்துவது பொருந்தாது. ஆயினும் மேனாட்டு வடிவத்துக்குத் தமிழ் இசையாது என்று சென்னையில் நிலவிய எண்ணத்துக்கு அது அப்போதே விடையாக இருந்தது. அந்த விடையைச் சென்னைக் குழுக்கள் செவிமடுக்காமற் போனது பெரும் நஷ்டம் என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

அடுத்த இரு தசாப்தங்களின் கதை சினிமாவின் கதை. சிவமணி, ஜான் அந்தோணி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோருடன் ‘ரூட்ஸ்’ குழுவில் கீபோர்டு வாசித்தும், ‘நெமிசிஸ் அவென்யூ’ என்ற ராக் குழுவை நிறுவியும் பழகிய ஏ. ஆர். ரஹ்மான், 1992இல் ‘ரோஜா’ படத்தின் மூலம் திரைக்கு வந்தார். அவருடைய தோழர் சுரேஷ் பீட்டர்ஸ், 1994இல் வெளியான ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ பாடலில் சென்னைத் தமிழை மேனாட்டுத் தாளத்தில் ஏற்றிப் பாடினார். மாதம் முழுவதும் வேலையும் கூலியும் தரும் ஒலிப்பதிவுக் கூடங்கள் அருகே இருக்கையில், சொந்தப் பாட்டை நம்பி ஒரு குழு நிலைத்து நிற்பது அரிது. தேர்ந்த வாத்தியக்காரர்கள் திரையிசைக்குச் சென்றதனால் அது செழித்தது, மேடையோ வறண்டது.

2000க்குப் பின் நிலைமை மாறத் தொடங்கிற்று. அடையாற்றின் ‘அன்வைண்ட் சென்டர்’ போன்ற இடங்கள் புதிய குழுக்களுக்குப் புகலிடமாயின, சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சாரங்’ விழாவில் 2009இல் சுவீடனின் ‘ஓப்பத்’ குழு வாசித்தது. 2005இல் தோன்றிய ‘ஜங்க்யார்ட் குரூவ்’, 2006இல் தோன்றிய ‘ஸ்க்ராட்’, 2012இல் தோன்றிய ‘தி எஃப்16ஸ்’ ஆகியவை வாசிப்பின் நேர்த்தியில் முன்னோரை விஞ்சினவாயினும், மொழியில் அவர்கள் வழியே சென்றன. கொச்சியின் ‘அவியல்’ 2008இல் மலையாளத்தில் முழுத் தொகுப்பு வெளியிட்டு அண்டை மாநிலத்தின் முந்துதலைக் காட்டியது. பெங்களூரின் ‘அகம்’, ஸ்ரீரங்கத்துப் பெருமாளை முத்துசுவாமி தீட்சிதர் பாடிய ‘ரங்கபுர விஹார’ கீர்த்தனையையே மின்கிட்டாரின் துணையோடு மேடையேற்றிற்று. சிங்கப்பூரில் 1992இல் உருவான ‘ருத்ரா’, உபநிஷதக் கருத்துகளை டெத் மெட்டல் என்னும் உக்கிர வடிவில் பாடியது. தமிழகத்திலோ, தஞ்சை வட்டாரத்து நாட்டுப்புறப் பாடகர் அந்தோணி தாசனும் பிரதீப் குமாரும் சேர்ந்த ‘லா பொங்கல்’, கிராமியப் பாட்டுக்குக் கிட்டார் எவ்வாறு பணிந்து துணை நிற்கலாம் என்பதைக் காட்டிற்று.

மேற்கூறிய அளவுகோலின்படி மிகத் தூரம் சென்றது ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து உருவாக்கிய, 19 பேர் கொண்ட இக்குழு, சாதியற்ற தமிழர் என்னும் அயோத்திதாசப் பண்டிதரின் கருத்திலிருந்து பெயர் பெற்று, 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதற் கச்சேரி நிகழ்த்தியது. கானாவும் ராக்கும் ராப்பும் அதில் சரிசமமாக நின்றன. சாதிக் கொடுமையும் இட ஒதுக்கீடும் பாடுபொருளாயின. முதற் கச்சேரியில் பாடிய இசைவாணி, ஆண்களின் ஏகபோகமாயிருந்த கானாவில் புகுந்த பெண்; 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அவ்வாண்டு டிசம்பரில் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ விழா, சபாக்கள் கர்நாடகக் கச்சேரி நடத்தும் அம்மாதத்தில் பறைக்கும் ஒப்பாரிக்கும் மேடை அமைத்தது.

பறையும் மின்கிட்டாரும் இணைவது எளிய காரியமன்று. பறையின் தோல், தீயில் காய்ச்சி முறுக்கேற்றப்படுவது. காற்றில் ஈரம் ஏற ஏறச் சுருதி இறங்கும். ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சியும் மறுகையில் குறுகிய தடித்த குச்சியும் கொண்டு எழுப்பும் அதன் கூரிய அடி, டிரம்ஸின் ஸ்நேர் முரசு ஒலிக்கும் செவித்தளத்திலேயே விழுவதால், ஒன்று மற்றதை மூழ்கடிக்காமல் ஒலிபெருக்கிக்காரர் இரண்டையும் பிரித்தமைக்க வேண்டும்; டிரம்ஸ்காரரும் தம் அடிகளைக் குறைத்துப் பறைக்கு இடம்விட வேண்டும். அவ்வாறு இடம்விடுவதை முந்திய தசாப்தங்களின் சென்னை மேடைகள் கற்கவில்லை.

கருவிகள் கிடைக்கும் நிலையும் மாறிவிட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய 1970களில் வெளிநாட்டுக் கிட்டார் கிட்டாத இளைஞர் கல்கத்தாவில் செய்த ‘கிப்டோன்’ முதலியவற்றைக் கொண்டே பழகினர். இன்றோ, மறைமலை நகர் அடங்கிய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே யமஹாவின் இசைக்கருவித் தொழிற்சாலை 2019இல் உற்பத்தியைத் தொடங்கி, கிட்டாரையும், தபலா, தம்புரா ஒலிகள் அடங்கிய கீபோர்டுகளையும் செய்து வருகிறது.