முருகைப்பாரில் உடைந்த கப்பல்: எண்டெவர் நதிக்கரையில் ஏழு வாரங்கள் (1770)

1

கடற்பயண வரலாறுகள் பெரும்பாலும் புறப்பட்ட துறைமுகத்தையும் சென்றடைந்த கரையையும் கப்பற்றலைவனின் பெயரையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளன. பயணம் தடைப்பட்டு நின்ற நாட்கள் அவற்றில் இடைநிகழ்ச்சிகளாகவே இடம்பெறும். ஆயின், ஓடும் கப்பலிற் புலப்படாது மறைந்திருக்கும் சமூக உறவுகள் கப்பல் உடைந்து நிற்கும்போது வெளிப்பட்டுவிடுகின்றன. யார் உழைத்தனர், எதை உண்டனர், யாருடைய நிலத்தில் நின்றனர், அந்நிலத்தவர் அவர்களிடம் எதைக் கேட்டனர் என்ற வினாக்கள் அப்போது தவிர்க்க முடியாதனவாகின்றன.

1770ஆம் ஆண்டு யூன் மாதம் அவுஸ்திரேலியாவின் கீழைக்கரையோரமாகச் சென்று கொண்டிருந்த ‘எண்டெவர்’ என்னும் பிரித்தானியக் கப்பல், முருகைப்பாரொன்றில் மோதிப் பழுதுற்று, ஆற்று முகமொன்றில் ஏழு வாரங்கள் தங்க நேர்ந்தது. அத்தங்கலை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம். பதினெட்டாம் நூற்றாண்டின் குடியேற்றவாதம் தனது உரிமைக் கோரிக்கையை எவ்வாறு உருவாக்கிக் கொண்டது என்பதை விளங்கிக்கொள்ள அவ்வேழு வாரங்கள் இன்றியமையாத சான்றுகளைத் தருகின்றன என்பது எமது கருத்தாகும்.

2

எண்டெவர் ஒரு போர்க்கப்பலாகக் கட்டப்பட்டதன்று. இங்கிலாந்தின் விற்பி துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றுவதற்கெனக் கட்டப்பட்டு 1764இல் நீரில் இறக்கப்பட்ட அது, 1768இற் கடற்படையினரால் விலைக்கு வாங்கப்பட்டது. ஏறத்தாழ 368 தொன் கொள்ளளவும், தரைதட்டினாலும் நிமிர்ந்து நிற்கத்தக்க தட்டையான அடிப்பாகமும் கொண்டது. அதன் தலைவராய் அமைந்த ஜேம்ஸ் குக்கும் அதே கரிக்கப்பல்களில் தொழில் பயின்றவர். பண்ணைத் தொழிலாளி ஒருவரின் மைந்தர். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைத் தாகித்தித் தீவில் நின்று அவதானிப்பது பயணத்தின் வெளிப்படையான நோக்கம். அதனை முடித்தபின் தென்திசையில் புதிய நிலங்களைத் தேடுமாறு இரகசியக் கட்டளை ஒன்றும் வழங்கப்பட்டிருந்தது. நிலங்களை உரிமையாக்கும்போது அங்குள்ள மக்களின் சம்மதத்தைப் பெறல் வேண்டும் என அக்கட்டளை கூறியது. மக்கள் வாழாத நிலமாயின் மட்டுமே முதலிற் கண்டவர் என்ற முறையில் உரிமை கோரலாம். இதனைப் பின்னர் நாம் நினைவுகூர வேண்டியிருக்கும்.

1770 யூன் 11ஆந் திகதி இரவு, நிலவொளியில் வடக்கு நோக்கிச் சென்று கொண்டிருந்த கப்பல், பதினொரு மணிக்குச் சற்று முன்னர் பாரில் மோதியது. மோதியது பெருக்கு நேரம். ஆதலால் அடுத்து வந்த வற்று கப்பலைப் பாறைமீது இருத்திவிட்டது. சுமையைக் குறைப்பதற்காக ஆறு பீரங்கிகள், இரும்பும் கல்லுமான அடிப்பாரம், பீப்பாய்கள், எண்ணெய்ச் சாடிகள் என நாற்பது ஐம்பது தொன் அளவிலான பொருள்கள் கடலில் எறியப்பட்டன. மறுநாட் பகற் பெருக்கில் கப்பல் மிதக்கவில்லை. ஏறத்தாழ ஒன்றரை அடி நீர் போதாதிருந்தது. அன்றிரவுப் பெருக்கு கூடுதலாக உயர்ந்தமையால், நங்கூரக் கயிறுகளை இழுத்து, ஏறக்குறைய இருபத்து மூன்று மணி நேரத்தின் பின் கப்பலைப் பாறையிலிருந்து விடுவித்தனர்.

இவ்வேளையிற் கப்பலைக் காத்தது கூட்டுழைப்பேயாகும். நான்கு நீரிறைக்கும் பொறிகளுள் ஒன்று பயன்படவில்லை. ஏனைய மூன்றையும் மாலுமிகளும் அதிகாரிகளும், செல்வந்தரும் தாவரவியலாளருமான யோசப் பாங்ஸ் உட்பட, முறைவைத்து இயக்கினர். ஒரு கட்டத்தில், நீரின் ஆழத்தை அளந்தவர் மாறியதும் அளவைத் தொடங்கிய இடமும் மாறியது. நீர் திடீரென உயர்ந்ததாக எல்லோரும் அஞ்சினர். தவறு தெரியவந்ததும் முன்னிலும் இருமடங்கு ஊக்கத்துடன் அவர்கள் உழைத்ததாகக் குறிப்புகள் கூறுகின்றன.

ஓட்டையை அடைக்கும் வழியைக் கூறியவர் யொனதன் மங்க்ஹவுஸ் என்னும் இளம் பயிலுநர். வணிகக் கப்பலொன்றில் முன்னர் தாம் கண்ட முறையை அவர் இங்கு கையாண்டார். பழங்கயிற்றுச் சிலும்பையும் கம்பளி மயிரையும் நறுக்கிக் கலந்து, பாயொன்றின்மேற் பிடிபிடியாக ஒட்டி, ஆட்டெருவைப் பூசி, கயிறுகளாற் கப்பலின் அடிக்குச் செலுத்தினர். உள்ளே பாயும் நீரே அப்பாயை ஓட்டையோடு இழுத்து ஒட்டச் செய்தது. அதன்பின் ஒரு பொறியே நீரை வெளியேற்றப் போதுமானதாயிற்று. அரச கடற்படையின் கப்பலைக் காத்த இவ்வறிவு வணிகக் கப்பல்களின் உழைப்பாளர் மத்தியில் வழங்கிவந்த தொழிலறிவு என்பது மனங்கொள்ளத்தக்கது.

3

கடுங்காற்றினால் மூன்று நாட்கள் வெளியே காத்திருந்த பின்னர், யூன் 17இற் கப்பல் ஆற்றுமுகத்தினுட் புகுந்தது. குக் அந்நதிக்குத் தமது கப்பலின் பெயரையே இட்டார். அந்நதிக்கும் கரைக்கும் ஏற்கெனவே பெயரும் உரியவர்களும் இருந்தனர். அவர்கள் கூகு யிமிதிர் மொழி பேசும் மக்கள். கப்பலைக் கரையேற்றிப் பார்த்தபோது, அடிப்பலகைகள் கோடரியால் வெட்டப்பட்டவைபோற் சீராக அறுபட்டிருந்தன. பெரிய முருகைக்கல் ஒன்று ஓட்டையிலேயே சிக்கி அதனைப் பெரிதும் அடைத்திருந்தது. கரையில் உலைக்களம் அமைக்கப்பட்டது. கொல்லர் ஆணிகளையும் பட்டைகளையும் அடித்தனர். தலைமைத் தச்சர் யோன் சற்றர்லியின் கீழ்த் தச்சர்கள் வற்று வேளைகளில் மட்டுமே அடிப்பலகைகளில் வேலை செய்ய முடிந்தது.

ஏனையோரின் முக்கிய வேலை உணவு தேடுதல். யூலை 9ஆந் திகதி மூன்று கடலாமைகள் கொண்டுவரப்பட்டன. அவற்றின் மொத்த நிறை 791 இறாத்தல். ஆமை, மீன், கீரை ஆகியவற்றைக் குக் எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டார். கடைநிலையில் உள்ளவனுக்கும் தமக்கும் ஒரே அளவே கிடைத்தது என அவரே பதிவு செய்துள்ளார். சவுக்கடியும் கடுமையான பதவிப் படிநிலையும் நிலவிய கப்பலொன்றில், உயிர்வாழும் தேவை பொதுப்பங்கீட்டு முறையை நடைமுறைக்குக் கொணர்ந்தது. ஆனால் அப்பொதுமை கப்பலைச் சேர்ந்தவர்களோடு முடிந்துவிட்டது.

யூலை 10இல் அந்நிலத்து மக்கள் முதன்முறையாக நெருங்கி வந்தனர். அவர்களை ஈட்டிகளைக் கீழே வைத்து அமரச் செய்தவர், தாகித்தியிலிருந்து உடன்வந்த துபையா என்னும் பொலினீசியக் குருவும் கடலோடியுமானவர். ஐரோப்பியர் துணிகளையும் மணிகளையும் கொடுத்தனர். கொடுத்த துணிகள் பயனற்றவையெனக் காட்டில் ஒருங்கே விடப்பட்டுக் கிடப்பதைப் பாங்ஸ் பின்னர் கண்டார். அச்சமூகத்திற் பயன்மதிப்பற்ற பொருளுக்கு மாற்றுமதிப்பும் இருக்கவில்லை.

யூலை 19ஆந் திகதி பத்துப் பேர் வரையில் கப்பலுக்கு வந்தனர். மேற்றட்டிற் பல ஆமைகள் கிடந்தன. தமக்கு ஒன்று வேண்டுமென அவர்கள் கேட்டனர். மறுக்கப்பட்டதும் ஆமையொன்றை இழுத்துச் செல்ல முயன்றனர், அதுவும் தடுக்கப்பட்டது. அவர்கள் கரைக்குச் சென்று, தீக்கொள்ளியொன்றை எடுத்துப் பாசறையைச் சூழ்ந்திருந்த காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தனர். கொல்லுலை இருந்த இடமும், வலைகளும் துணிகளும் உலர்ந்து கொண்டிருந்த இடமும் தீப்பற்றின. பன்றிக்குட்டி ஒன்று மாண்டது. வெடிமருந்து முன்னரே கப்பலுக்கு மாற்றப்பட்டிருந்தமையாற் பேரழிவு தவிர்ந்தது. குக் சிறுகுண்டுகளாற் சுட்டதில் ஒருவர் காயமுற்றார். மண்ணில் இரத்தத் துளிகள் காணப்பட்டன. சற்று நேரத்தில் முதியவர் ஒருவர் முனையற்ற ஈட்டியுடன் முன்வந்தார். இரு தரத்தாரும் ஆயுதங்களை ஒதுக்கிவைத்து அமைதி கொண்டனர்.

இந்நிகழ்ச்சியைக் கூகு யிமிதிர் மக்கள் இன்றும் தமது மரபுரையாகப் பேணி வருகின்றனர். அவ்விடம் இரத்தம் சிந்தக்கூடாத பொதுவிடம் என்பதும், தமது கடலின் ஆமைகளைக் கேளாமல் அளவுக்கு மிஞ்சி எடுத்தமை முறைமீறல் என்பதும், முதியவரின் செயல் சமாதானச் சடங்கு என்பதும் அவர்களின் விளக்கம். அவ்விளக்கத்தை ஏற்கும்போதுதான் நிகழ்ச்சிகளின் ஒழுங்கு பொருள் பெறுகின்றது. ஒரு பங்கைக் கேட்டல், மறுப்பு, தண்டனை, இணக்கம் என்ற ஒழுங்கு சட்டமுடைய சமூகத்துக்குரியது.

4

இலக்கிய மாணவர் என்ற வகையில் இவ்விடத்து நாம் இரண்டு செய்திகளைக் குறிப்பிடல் வேண்டும்.

முதலாவது, ஒரு சொல்லின் வரலாறு. யூலை 14இல் லெப்டினன்ற் கோர் சுட்டு வீழ்த்திய விலங்கின் பெயரை அம்மக்களிடம் கேட்டுப் பாங்ஸும் குக்கும் எழுதிக்கொண்டனர். ‘கங்காரு’ உலக மொழிகளிற் புகுந்தது அவ்வாறேயாகும். பிற்காலத்தில் அதே நதிக்கு வந்த பிலிப் பார்க்கர் கிங் வேறொரு சொல்லைக் கேட்டார். அதன் விளைவாக, ‘கங்காரு’ என்பதற்கு ‘எனக்கு விளங்கவில்லை’ என்றே பொருளென ஒரு கதை பரவியது. 1970களில் அம்மொழியை ஆராய்ந்த யோன் ஹவிலண்ட், ‘கங்குர்ரு’ என்பது கங்காரு வகையொன்றுக்குரிய சரியான பெயரே என்று நிறுவினார். கிங் கேட்ட சொல் உண்ணத்தக்க விலங்குகளைச் சுட்டும் பொதுச்சொல். மறுமொழி தெளிவாகவே கிடைத்திருந்தது. ஆயினும், பேசியவர்களை விளக்கமற்றவர்களாகக் காட்டும் கதையே நூற்றாண்டுக்கு மேலாக வாழ்ந்தது.

இரண்டாவது, நூலின் வரலாறு. 1773இல் வெளிவந்த முதற் பதிப்பு குக்கின் கையெழுத்துப் படியன்று. யோன் ஹோக்ஸ்வேர்த் என்னும் எழுத்தாளர் 6000 பவுண் பெற்றுக்கொண்டு, குக், பாங்ஸ் ஆகியோரின் நாட்குறிப்புகளைக் கலந்து, குக்கே தன்மையிற் பேசுவதாக அமைத்து எழுதியது. அவ்வேளை குக் தமது இரண்டாம் பயணத்திற் கடலில் இருந்தார். குக்கின் நாட்குறிப்பு 1893இலேயே வார்ட்டனாற் பதிப்பிக்கப்பட்டது. பீகிள்ஹோலின் ஆய்வுப்பதிப்பு 1955இல் வந்தது. பலரின் உழைப்பும் பலரின் குறிப்புகளும் ‘நான்’ என்னும் ஒரு குரலாகத் திரட்டப்பட்டமை, தனிமனித வீரனை வேண்டி நின்ற நூற்சந்தையின் தேவையோடு தொடர்புடையது. வரலாற்றின் நாயகன் ஓரளவுக்குப் பதிப்புத்தொழிலின் உற்பத்தியுமாவான்.

5

ஓகஸ்ற் 4இற் கப்பல் நதியை விட்டு நீங்கியது. பதினெட்டு நாட்களின் பின், ஓகஸ்ற் 22இல், வடமுனையருகே சிறுதீவொன்றில் இறங்கிய குக், தெற்கே 38ஆம் பாகை தொடக்கம் அதுவரையிலான கீழைக்கரை முழுவதையும் பிரித்தானிய மன்னரின் பெயரால் உரிமையாக்கினார். அத்தீவிலும் மக்களைக் கண்டிருந்தார். சம்மதம் கேட்கப்படவில்லை. நிலம் வெறுமையாயிருந்தது என எண்ணியிருந்தார் எனக் கொள்ளவும் இடமில்லை; அந்நிலத்தவரோடு பேசி, சண்டையிட்டு, சமாதானமும் செய்துகொண்ட பின்னரே அவர் அங்கு வந்திருந்தார்.

ஆமை நிகழ்ச்சியின் பின்விளைவு இன்னும் ஆழமானது. குடியேற்றத்துக்கு இடம் தேடிய பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவின் முன் 1785இற் பாங்ஸ் சாட்சியமளித்தார். நிலத்தை அம்மக்களிடமிருந்து விலைக்கு வாங்கலாமா என்பது வினா. இயலாது என்பதே அவர் விடை. உணவுப்பொருளைத் தவிர வேறெதையும் அவர்கள் ஏற்கமாட்டார்கள், உணவோ எமக்கே தேவைப்பட்டது என்ற கருத்துப்பட அவர் கூறினார். பங்கைக் கேட்டவனுக்கு மறுத்த செயல், பதினைந்து ஆண்டுகளின் பின், அவனிடம் வாங்குவதற்கு வழியில்லை என்னும் வாதமாக மாறியது. வாங்கவும் இல்லை, உடன்படிக்கையும் இல்லை. 1788இற் குடியேற்றம் தொடங்கியது.

கப்பலைக் காத்த உழைப்பாளரின் கதியையும் மறத்தலாகாது. 1770இன் இறுதியிற் பத்தாவியாவின் (இன்றைய ஜகார்த்தா) கப்பற்றுறையில் ஏற்றிப் பார்த்தபோது, சில பலகைகள் ஓரங்குலத்தின் எட்டிலொரு பங்கிலும் மெலிந்திருந்தன. திருத்தத்துக்காகத் தங்கிய அங்கு காய்ச்சலும் வயிற்றளைச்சலும் பரவின. துபையா உட்பட ஏழு பேர் அங்கு மாண்டனர். தொடர்ந்த கடல்வழியில் மேலும் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஓட்டையை அடைத்த மங்க்ஹவுஸும், பலகைகளைப் பொருத்திய சற்றர்லியும் 1771 பெப்ரவரியில் இறந்தனர். கடலில் எறியப்பட்ட ஆறு பீரங்கிகளோ 1969இல் மீட்கப்பட்டு நூதனசாலைகளிற் பேணப்படுகின்றன.

நதிக்கரையின் கதை 1873இல் மீண்டும் திரும்பியது. பாமர் நதியிற் பொன் கண்டுபிடிக்கப்பட்டதும், கப்பல் திருத்தப்பட்ட அவ்விடத்திலேயே குக்டவுன் துறைமுகம் எழுந்தது. பொன் தேடியோரின் வருகை நில அபகரிப்பையும் படுகொலைகளையும் கொணர்ந்தது. எஞ்சியோரிற் பலர் 1886இல் அமைந்த கிறித்தவ மிசன் ஒன்றில் ஒதுங்கினர். 1942இல் அவர்களும் தெற்கே வூராபிண்டாவுக்குப் பெயர்க்கப்பட்டு, அங்கு பலர் மாண்டனர். உரியவரற்ற நிலம் என்னும் கோட்பாட்டை அவுஸ்திரேலிய உயர்நீதிமன்றம் 1992இன் மாபோ தீர்ப்பிலேயே நிராகரித்தது.

அத்தீர்ப்பு புதிய உண்மை எதனையும் கண்டுபிடித்ததாகக் கொள்ள முடியாது. கேட்பதற்கு உரிமையுடையோர் அந்நிலத்தில் உள்ளனர் என்பதற்கான சான்று, 1770 யூலையிலேயே கப்பற்றலைவரின் சொந்தக் கையால் எழுதப்பட்டிருந்தது. குடியேற்றவாதம் அறியாமையின் விளைவு எனக் கூறுவோர் அந்நாட்குறிப்பை மீண்டும் படித்தல் தகும். அறிந்த ஒன்றைப் பயனற்றதாக்குவதற்கு ஒரு பொருளியல் நலன் போதுமானதாயிருந்தது.